மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தினா தண்ணி வருமா?

(ஆடியோ எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில திரும்பச் சொல்லல்களை எடுத்துவிட்டு, எண்களைச் சரிபார்த்துச் சேர்த்திருக்கிறேன்.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்க வீட்டு போர் மோட்டார் சுத்த வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்துதுன்னு வைங்க. தண்ணிக்கு என்ன ஆகும்?

இதை ஆபீஸ்ல லஞ்ச் டேபிள்ல கேட்டேன். எட்டு பேர், எல்லாருமே இன்ஜினியரிங் முடிச்சவங்க. அஞ்சு பேர் "தண்ணியே வராது"ன்னாங்க. ரெண்டு பேர் "மேல இருக்கற தண்ணியைக் கீழ இழுத்துடும்"னாங்க. ஒருத்தர் மட்டும் "எந்தப் பக்கம் சுத்தினா என்ன, வரும்"னு சொல்லிட்டு சாம்பார் ஊத்திக்கிட்டார். மூணுமே முழுசா சரியில்ல. ஆனா சாம்பார்க்காரர்தான் கிட்ட வந்தார்.

தண்ணி வரும். மேல்நோக்கியே வரும். ஆனா பிரஷர் குறைஞ்சிடும். பம்புக்கு பம்பு அளவு மாறும், பாதி அளவுக்கு இறங்குறது சகஜம். இதோட ஆபத்தே, தண்ணி வர்றதாலதான் யாருக்கும் சந்தேகம் வராதுங்கறது. மோட்டார் ஓடுது, குழாய்ல தண்ணி வருது, அப்ப மோட்டார் நல்லாத்தான் இருக்குன்னு எல்லாரும் முடிவு பண்ணிடுவோம். அந்த முடிவு எவ்வளவு செலவு வைக்கும்னு பிறகு சொல்றேன். முதல்ல ஏன் வருதுன்னு பார்ப்போம்.

சுத்துறதுக்கும் பிரஷருக்கும் என்ன உறவு

டேபிள் ஃபேனை எதிர்ப்பக்கம் சுத்த விட்டா காத்து பின்னாடி போகும். அதோட இறக்கை சாய்வா இருக்கு, காத்தை நேரா முன்னாடி தள்ளுது. திசை மாறினா தள்ளுற பக்கமும் மாறும். படகு புரொப்பெல்லரும் அப்படித்தான். பம்பையும் ஃபேன் மாதிரி நினைச்சதுனாலதான் ஆபீஸ் நண்பர்கள் அப்படிச் சொன்னாங்க.

நம்ம வீட்டு பம்ப் வேற ஜாதி. பேரே சென்ட்ரிஃபியூகல் பம்ப். நடுவுல தண்ணி நுழையும், ஓரத்துல வெளிய வரும். உள்ள இருக்கற தட்டுக்குப் பேர் இம்பெல்லர். இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவுல பஸ் திரும்பும்போது நின்னுட்டு வந்திருக்கீங்களா? உடம்பு வெளிப்பக்கம் சாயும். அதே ரவுண்டானாவை எதிர்த்திசையில சுத்தினாலும் வெளிப்பக்கம்தான் சாயும். (போலீஸ் பிடிப்பாங்க, அது வேற விஷயம்.) வாஷிங் மெஷின் ட்ரையர் எந்தப் பக்கம் சுத்தினாலும் துணி சுவரோட ஒட்டிக்கும், நடுவுக்கு வராது.

இன்னும் கொஞ்சம் நேர்மையா சொன்னா, யாரும் நம்மை வெளிய தள்ளறதில்ல. நம்ம உடம்பு நேராப் போகத்தான் பார்க்குது, பஸ்தான் வளையுது. அப்ப நம்மை வட்டத்துல பிடிச்சு வைக்க உள்நோக்கி ஒரு விசை வேணும். பஸ்ல அது கம்பியைப் பிடிச்ச கை. தண்ணிக்குக் கை இல்ல. இம்பெல்லருக்குள்ள சுத்துற ஒவ்வொரு துளியையும் வட்டத்துல பிடிச்சு வைக்கறது, அதுக்கு வெளிப்பக்கம் இருக்கற தண்ணிதான். வெளித் தண்ணி உள்நோக்கி அழுத்தணும்னா அங்க பிரஷர் அதிகமா இருந்தே ஆகணும். அதனால நடுவுல பிரஷர் கம்மி, ஓரத்துல அதிகம். சுத்துறதால பிரஷர் உருவாகுதுங்கறதுக்கு இதுதான் அர்த்தம். இதுல வலப்பக்கம், இடப்பக்கம்னு எங்கயும் வரவே இல்ல, கவனிச்சீங்களா?

எவ்வளவு அதிகம்? கணக்கு ரொம்ப சிம்பிள். ஓரம் எவ்வளவு வேகமா போகுதோ அதை ஸ்கொயர் பண்ணி, புவியீர்ப்பு முடுக்கத்தோட ரெண்டு மடங்கால, அதாவது 19.6 ஆல வகுங்க. கிடைக்கறது மீட்டர் கணக்குல தண்ணியோட உயரம். இதுக்கு 'ஹெட்'னு பேர், பம்ப் கடையில கேட்டிருப்பீங்க.

130 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஒரு இம்பெல்லர், நிமிஷத்துக்கு 2880 சுத்து. அப்படின்னா வினாடிக்கு 48 சுத்து. ஓரத்தோட வேகம் வினாடிக்கு 19.6 மீட்டர். அதை ஸ்கொயர் பண்ணி 19.6 ஆல வகுத்தா திரும்ப 19.6 மீட்டர்! வேகமும் உயரமும் ஒரே எண்ணா வர்றது தற்செயல்தான், ஆனா நான் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்ல. ஞாபகம் வச்சுக்க வசதி. ஒரு சின்ன டிபன் தட்டு அளவு உலோகம், சும்மா சுத்துறதாலயே தண்ணியை ஆறு மாடி உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்குது. குழாய் பாஷையில சொன்னா கிட்டத்தட்ட 2 கிலோ பிரஷர்.

அப்புறம் எதிர்ப்பக்கம் சுத்தினா ஏன் குறையுது?

ஏன்னா அந்த 19.6 மீட்டர் பாதிக் கதைதான். தண்ணி இம்பெல்லரை விட்டு வெளிய வரும்போது பிரஷரோட மட்டும் வர்றதில்ல, பயங்கர வேகத்தோடயும் வருது. அந்த வேகத்துலயும் கிட்டத்தட்ட அதே அளவு சக்தி இருக்கு. அதைப் பிரஷரா மாத்தணும். அதுக்குத்தான் பம்போட உடம்பு நத்தை ஓடு மாதிரி இருக்கு. ஒரு இடத்துல ஒடுங்கி ஆரம்பிச்சு, சுத்திச் சுத்திப் பெருசாகி, டெலிவரி பைப்ல முடியும். வழி அகலமாக ஆக, வேகம் தணிஞ்சு பிரஷர் ஏறும்.

இப்ப இம்பெல்லரை எதிர்ப்பக்கம் சுத்துங்க. பிரஷரோட முதல் பாதி தப்பிச்சுடும், அதுக்குத் திசை தெரியாது. ரெண்டாவது பாதிதான் மாட்டும். நத்தை ஓடு ஒரு பக்கம் விரியுது, தண்ணி எதிர்ப்பக்கம் சுத்திக்கிட்டு வருது. விரியற வழியில போகாம ஒடுங்குற வழியில போய் முட்டுது. ஒன்வேல எதிர்ல வந்த ஆட்டோ மாதிரி. அந்த வேகமெல்லாம் சுழலாகி, சத்தமாகி, சூடாகி வீணாப் போகுது.

இம்பெல்லர் இதழ்களோட வளைவும் இதுல சேரும். அது சுத்துற திசைக்குப் பின்பக்கமா வளைஞ்சிருக்கும். இந்த வளைவுக்கு ஒரு கதை இருக்கு. சுழல் பம்போட ஆரம்ப வடிவங்கள்ல ஒண்ணைச் செஞ்சவர் தெனி பாப்பென், ஒரு பிரெஞ்சுக்காரர். 17-ம் நூற்றாண்டோட கடைசியில. பிரஷர் குக்கரோட தாத்தாவைக் கண்டுபிடிச்சவரும் இவர்தான், பாண்டியில பிரெஞ்சுப் பேர் போட்ட தெருவுல நடக்கும்போது இவர் பேரும் ஒரு மூலையில இருந்தா நல்லா இருக்கும்னு தோணும். அந்தக் காலத்து இதழ்கள் நேரா, சக்கரத்து ஆரம் மாதிரி இருந்துச்சு. 1851-ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சியில ஜான் அப்போல்டுனு ஒருத்தர் வளைஞ்ச இதழ் வச்ச பம்பைக் கொண்டு வந்தார். சோதிச்சுப் பார்த்தா நேர் இதழ் பம்போட திறன் 24 சதவீதம், அவரோட வளைஞ்ச இதழுக்கு 68. மோட்டாரை மாத்தல, தண்ணியை மாத்தல, ஒரு தகட்டை வளைச்சார், அவ்வளவுதான். ஆனா அந்த வளைவு ஒரே ஒரு திசைக்குத்தான் நல்லது. எதிர்ப்பக்கம் சுத்தினா அந்த லாபம் கையை விட்டுப் போயிடும்.

லாஸ்பேட்டை விவகாரம்

நான் குடியிருக்கறது லாஸ்பேட்டையில ஒரு நாலு மாடி அப்பார்ட்மென்ட். போன வருஷம் ஏப்ரல்ல தண்ணிப் பிரச்சினை வந்துச்சு. போர்ல இருந்து ஓவர்ஹெட் டேங்க் நிரம்ப முன்னாடி முக்கால் மணி நேரம் ஆகும். திடீர்னு ரெண்டு மணி நேரம் ஆச்சு. காலையில ஏழரைக்கே டேங்க் காலி. மூணாவது மாடியில தனியா இருக்கற பாட்டி, கீழ தெருக்குழாய்ல குடத்தை நிரப்பி லிஃப்ட்ல ஏத்திக்கிட்டு இருந்தாங்க.

அசோசியேஷன் மீட்டிங்ல எல்லாரும் ஒரே குரல்: "நிலத்தடி நீர் இறங்கிடுச்சு." வெயில் காலம், செய்தியிலயும் அதேதான் ஓடுது, நம்பாம என்ன பண்றது? போர் போடறவர் வந்து பார்த்தார், இன்னும் 100 அடி இறக்கணும், பெரிய மோட்டார் போடணும்னு ஒரு தொகை சொன்னார். வீட்டுக்குப் பதினெட்டாயிரம் பங்கு வந்துச்சு. பாதிப் பேர் பணம் கொடுக்கவும் தயார்.

நம்ம தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு. நேத்து வரைக்கும் ஓடின சாஃப்ட்வேர் இன்னைக்கு ஓடலைன்னா முதல் கேள்வி, "நேத்து ராத்திரி யாரு என்ன மாத்தினீங்க?" நிலத்தடி நீர் ஒரே நாள்ல பாதியா குறையாது, அது மெதுவாத்தான் இறங்கும். ஆனா எங்க டேங்க் நேரம் ஒரே நாள்ல எகிறியிருந்துச்சு. வாட்ச்மேன் அண்ணன் மோட்டார் போடுற நேரத்தை நோட்டுல எழுதுவார், அதுல தேதி தெளிவா இருந்துச்சு. அந்தத் தேதியில வேற என்ன நடந்துச்சுன்னு குரூப் மெசேஜைத் தேடினா ஒரே ஒரு வரி: "லிஃப்ட் வேலை செய்யல, மெக்கானிக் வர்றார்."

லிஃப்டுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? மூணு ஃபேஸ் கரன்ட். அதுக்கு முந்தின நாள் எங்க தெருவுல கேபிளைத் தோண்டி எடுத்து ஜாயின்ட் போட்டிருந்தாங்க. ஜாயின்ட் போடும்போது ரெண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கு.

மூணு ஃபேஸ்ங்கறது மூணு பேர் வரிசையா ஒரு ராட்டினத்தைத் தள்ளற மாதிரி. சிவப்பு, மஞ்சள், நீலம்னு வரிசையாத் தள்ளினா ஒரு பக்கம் சுத்தும். இதுல எந்த ரெண்டு பேர் இடம் மாறினாலும் வரிசை தலைகீழாகி, ராட்டினம் எதிர்ப்பக்கம் சுத்த ஆரம்பிச்சுடும். லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் எதுக்கும் இது தெரியாது, அதெல்லாம் ஒரே ஃபேஸ்ல ஓடுது. லிஃப்டுக்குத் தெரியும். மேல போகச் சொன்னா கீழ போயிடக் கூடாதே, அதனால அதுல ஃபேஸ் வரிசையைக் காவல் காக்கற ஒரு ரிலே இருக்கு. வரிசை தப்புன்னா லிஃப்ட் நகராது. மெக்கானிக் வந்தார், லிஃப்ட் பேனல்ல மட்டும் ரெண்டு வயரை மாத்திப் போட்டார், லிஃப்ட் ஓடிச்சு, கிளம்பிட்டார். போர் மோட்டாருக்கு அந்தக் காவலாளி இல்ல. அது பூமிக்கு அடியில யார் கண்ணுக்கும் தெரியாம எதிர்ப்பக்கம் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

எப்படிக் கண்டுபிடிக்கறது?

தரையில இருக்கற மோனோபிளாக் பம்பா இருந்தா கஷ்டமே இல்ல. உடம்புல ஒரு அம்புக்குறி வார்த்திருப்பாங்க. மோட்டாரை நிறுத்தின உடனே பின்பக்க ஃபேன் மெதுவா சுத்தி நிக்கும், அம்பு திசையோட ஒத்துப்போகுதான்னு பார்த்தாப் போதும்.

சப்மெர்சிபிளை அப்படிப் பார்க்க முடியாது. அதுக்கு உலகம் முழுக்க ஒரே வழிதான், ரெண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்கறது. எதுல பிரஷரும் தண்ணியும் அதிகமோ அதுதான் சரியான பக்கம். எலக்ட்ரீஷியன் அண்ணன் போர் வாயில இருக்கற பக்கவாட்டுக் குழாயைத் திறந்து விட்டார். 20 லிட்டர் பக்கெட் நிரம்ப 31 வினாடி ஆச்சு. மெயினை ஆஃப் பண்ணி, ஸ்டார்ட்டர்ல ரெண்டு வயரை மாத்தி, திரும்பப் போட்டார். 14 வினாடி. அன்னைக்கு ராத்திரி டேங்க் முக்கால் மணி நேரத்துல வழிஞ்சுது. செலவு, அவரோட கூலியும் ஒரு ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலேவும்.

இதை நீங்களே ஸ்க்ரூடிரைவரோட பண்ணாதீங்க, 415 வோல்ட். பக்கெட்டும் ஸ்டாப்வாட்ச்சும் உங்க வேலை, வயர் அவங்க வேலை. அதே மாதிரி எதிர்ப்பக்கம் ஓட்டிப் பார்க்கறதும் சில நொடிதான் இருக்கணும். இம்பெல்லரை ஷாஃப்ட்ல மரை போட்டு முறுக்கியிருக்கற பம்புகள்ல, எதிர்ச்சுத்து அதைக் கழட்டி விட்டுடும்.

முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம் பக்கம் பழைய வீடுகள்ல இருக்கற அரை எச்பி, ஒரு எச்பி மோட்டாருக்கு இந்தக் கவலை வேண்டாம். அதெல்லாம் சிங்கிள் ஃபேஸ். சுத்துற பக்கத்தை உள்ள இருக்கற வைண்டிங்கும் கெப்பாசிட்டரும் முடிவு பண்ணுது, ப்ளக்கை எப்படிச் சொருகினாலும் திசை மாறாது.

வேகம் கூடினா?

இது சுருக்கமா. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ரெண்டு துருவ மோட்டாரோட காந்தப்புலம் நிமிஷத்துக்கு 3000 தடவை சுத்தும், மோட்டார் கொஞ்சம் பின்தங்கி 2880 மாதிரி ஓடும். அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ். இதே பம்பை அங்க ஓட்டினா வேகம் 1.2 மடங்கு. தண்ணியோட அளவு 1.2 மடங்கு, பிரஷர் 1.44 மடங்கு, ஆனா தேவைப்படற பவர் 1.73 மடங்கு. ஸ்கொயர், அப்புறம் கியூப். கோயம்புத்தூர்ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைச் செஞ்ச காலத்துல இருந்து பம்ப் செய்யறவங்களுக்கு இது பாலபாடம்.

திருப்பிப் போட்டா இது நமக்கு லாபம். ஷவருக்காகப் பிரஷர் பம்ப் வைக்கறீங்கன்னா, வேகத்தை மாத்தற டிரைவ் உள்ளதா பாருங்க. வேகத்தை 80 சதவீதமா குறைச்சா பிரஷர் 64 சதவீதம் இருக்கும், பவர் பாதிதான் ஆகும். கேட் வால்வை மூடி பிரஷரைக் கட்டுப்படுத்தறது, ஆக்சிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே பிரேக் பிடிக்கற மாதிரி.

ஆயி மண்டபமும் அடுக்கு இம்பெல்லரும்

பாரதி பூங்கா நடுவுல இருக்கற ஆயி மண்டபத்து முன்னாடி எல்லாரும் போட்டோ எடுத்திருப்போம். அது ஒரு தண்ணிக் கதையோட ஞாபகச் சின்னம். கிருஷ்ணதேவராயர் கோயில்னு நினைச்சுக் கும்பிட்டது ஆயிங்கற தாசியோட வீடுன்னு தெரிஞ்சு கோபப்பட, அவங்களே வீட்டை இடிச்சுக் குளம் வெட்டினாங்கன்னு வழிவழியா சொல்றாங்க. அந்த முத்திரையர்பாளையத்துத் தண்ணி 19-ம் நூற்றாண்டுல, மூணாம் நெப்போலியன் காலத்துல, நகரத்துக்கு வந்துச்சு. அதைக் கொண்டாடத்தான் மண்டபம்.

அந்தத் தண்ணியை இழுத்து வந்தது சரிவு. மேட்டுல இருந்து பள்ளத்துக்கு. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 கிலோ பிரஷர், அதுக்கு மேல ஒரு சொட்டு கூட கிடைக்காது. கடலை ஒட்டின சமதளத்துல நமக்குக் கிடைச்ச சரிவு கொஞ்சம்தான். சுழலும் தட்டு வந்த பிறகு, மேட்டை நாமளே எங்க வேணும்னாலும் உருவாக்கிக்கலாம்னு ஆயிடுச்சு.

ஆனா அந்தத் தட்டு இழுக்கறதுல வீக், தள்ளறதுல ஸ்ட்ராங். நடுவுல பிரஷர் கம்மியாகுதுன்னு சொன்னேன்ல, கிணத்துத் தண்ணியை அங்க ஏத்தறது வெளிய இருக்கற காத்தழுத்தம்தான். அதால கணக்குப்படி 10.3 மீட்டர்தான் ஏத்த முடியும், நடைமுறையில ஏழு எட்டு. அதுக்கு மேல இழுத்தா பிரஷர் அவ்வளவு இறங்கி, தண்ணி சூடே இல்லாம கொதிச்சு, ஆவிக்குமிழ் உடையும். பம்புக்குள்ள ஜல்லி உருள்ற சத்தம் கேட்டா அதுதான். நம்ம ஊர் கிணத்துல தண்ணி இறங்கினப்ப, மேடையில இருந்த மோட்டாரைக் கிணத்துக்குள்ள படி வச்சு இறக்கினாங்க. அப்புறம் போர். மோட்டாரே தண்ணிக்குள்ள போயிடுச்சு.

போர் குறுகலானது. இம்பெல்லர் 75 மில்லிமீட்டர்தான் வைக்க முடியும்னு வைங்க. விட்டம் குறைஞ்சா பிரஷர் ஸ்கொயர்ல குறையும். 19.6-ல மூணில் ஒரு பங்கு, 6.5 மீட்டர். அதனால ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறாங்க, ஒண்ணு கொடுத்த பிரஷர் மேல அடுத்தது ஏத்தும். 100 மீட்டருக்கு 15, 16 அடுக்கு. இதைத்தான் கடையில 'ஸ்டேஜ்'னு சொல்றாங்க. உங்க வீட்டு பம்ப் பழைய பில்லும் புது பில்லும் இருந்தா எடுத்துப் பாருங்க. ஸ்டேஜ் எண்ணிக்கை ஏறியிருக்கறதைப் பார்த்தாலே, உங்க தெருவுல தண்ணி எவ்வளவு இறங்கியிருக்குன்னு தெரிஞ்சுடும்.

அதனாலதான் எங்க அப்பார்ட்மென்ட்ல அந்த 100 அடி இறக்காததுல எனக்குப் பதினெட்டாயிரத்தை விடப் பெரிய நிம்மதி. புதுச்சேரி குடிக்கறது பெரும்பாலும் நிலத்தடி நீர். கடற்கரை ஓரத்துல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதக்குது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதின்னு ஒண்ணு இருக்கு. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு மீட்டர் நின்னா, கீழ சுமார் 40 மீட்டர் நல்ல தண்ணி இருக்கும். திருப்பிச் சொன்னா, மேல ஒரு மீட்டர் உறிஞ்சிட்டா, அடியில உப்பு 40 மீட்டர் ஏறி வரலாம். மண் அடுக்குகளைப் பொறுத்து இது மாறும், ஆனா கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு தேவையில்லாம ஆழத்துக்குப் போறது விளையாட்டு இல்ல. ஒரு தடவை உப்பாகிட்டா, ஃபேஸ் மாத்தற மாதிரி ரெண்டு வயரைக் கழட்டி மாட்டிச் சரி பண்ண முடியாது.

கடைசியா, போன எபிசோடுக்கு வந்த ஒரு கேள்வி. "டேங்க் காலியாகற நேரத்துல கீசர் ஏன் துப்புது?" அதுவும் சுழல்தான். தண்ணி மட்டம் வெளிக்குழாய் வாய்க்குக் கிட்ட இறங்கும்போது சுழி விழும், நடுவுல பிரஷர் குறையும், காத்து குழாய்க்குள்ள இறங்கிடும். பூமி சுத்துறதாலதான் அந்தச் சுழின்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க, ஒரு டேங்க் அளவுல அந்த விளைவு ரொம்ப ரொம்பச் சின்னது. குழாய் எந்தப் பக்கம் இருக்கு, தண்ணி எந்தப் பக்கமா உள்ள விழுதுங்கறதுதான் சுழியோட திசையை முடிவு பண்ணுது. வெளிக்குழாய் வாய்ல பிளம்பர்கிட்ட சொல்லி ஒரு எல்போவைக் கீழ்நோக்கித் திருப்பி வைக்கச் சொல்லுங்க, சுழி விழறது தள்ளிப் போகும்.

அடுத்த வாரம் வாட்டர் மீட்டர் எப்படி எண்ணுதுன்னு பேசலாம். உங்க பக்கெட் டெஸ்ட் வினாடிகளை அனுப்புங்க, அதையும் வாசிக்கறேன்.